அம்மா எதில் ஏறுவாள்?

யமுனாவுக்கு இரண்டு கெண்டைக்காலும் விண் விண்ணென்று தெறித்தன. மலைக்கோட்டைக்குக் கீழே, ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அந்த டிராவல்ஸ். குறுகலான படிக்கட்டு. காலையிலிருந்து இது மூன்றாவது டிராவல்ஸ்.

"அக்கா, இதுக்கு உச்சிப் பிள்ளையாரையே பார்த்துட்டு வந்திருக்கலாம்" என்றான் தம்பி சித்து என்கிற சித்தார்த்தன். அவனுக்கு ஏழு வயது. யமுனாவுக்குப் பதினொன்று.

அவர்களுடைய அம்மா வேணி, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாள். ஆடி மாதம் கல்யாணம் இல்லை. மண்டபம் பூட்டிக் கிடக்கும். அப்பா பிச்சமுத்து காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அவருக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று மார்க்கெட்டில் சொல்லியிருந்தார்.

அந்த ஒரு நாளில் சென்னைப் பக்கம் இருக்கும் தீம் பார்க்குக்குப் போய் வர வேண்டும். இதற்கு முன் போனதில்லை. இனிமேல் எப்போது போவார்கள் என்றும் தெரியாது. தப்பான டிராவல்ஸைப் பிடித்துவிட்டால் அந்த நாள் போனது போனதுதான்.

"வாங்க, உக்காருங்க" என்றார் மாடி டிராவல்ஸ்காரர். "எத்தனை பேரு?"

"நாலு பேருங்க" என்றார் அப்பா.

"நம்மகிட்ட காலை டிபன் உண்டு, மத்தியானச் சாப்பாடு கிடையாது. ஆனா தொப்பி உண்டு. ஏ.சி. போகும்போது உண்டு, வரும்போது பார்த்துக்கலாம்."

அப்பா தலையைச் சொறிந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த டிராவல்ஸில் சாப்பாடு உண்டு, டிபன் கிடையாது என்றார்கள். அங்கே சில்வர், கோல்டு, டைமண்ட் என்று மூன்று வகை டிக்கெட் இருந்தது. "இது நகைக்கடையாக்கா?" என்று சித்து கேட்டுவிட்டான்.

அதற்கும் முன்னால், காலையில் முதலாவதாகப் போனது ஸ்ரீரங்கம் ரெங்கராஜிடம். அவர் காலம் காலமாகக் கோவில் டூர் நடத்துகிறவர். தீம் பார்க் டூரை இந்த வருஷம்தான் தொடங்கியிருந்தார். "முதல்ல ரெண்டு அம்மன் கோவில். கும்பிட்டுட்டு மத்தியானம் பார்க்குக்குப் போயிடலாம்" என்றார் அவர். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

மாடி டிராவல்ஸின் சுவரில் ஒரு பெரிய ராட்டினத்தின் படம் இருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எவ்வளவு உசரம் போகுங்க?" என்று கேட்டாள்.

"எட்டு மாடி உசரம் இருக்கும்மா."

"ம்" என்றாள் அம்மா. பிறகு மடியிலிருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டாள். "நீங்க மூணு பேரும் ஏறுங்க. நான் பையைப் பார்த்துக்கறேன்."

"அதுவும் சரிதான். ஒருத்தர் பையைப் பார்க்கணும்ல?" என்றார் அப்பா.

யமுனா நிமிர்ந்து பார்த்தாள். இதை இதற்கு முன்னும் கேட்டிருக்கிறாள். பொருட்காட்சிக்குப் போனபோது அம்மா பஜ்ஜிக் கடை ஓரம் எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முக்கொம்புக்குப் போனபோது மரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. யாரும் எழுந்து வரவும் சொல்லவில்லை.

"சார், அம்மாவுக்கும் முழு டிக்கெட்தானே?" என்று யமுனா கேட்டாள்.

"ஆமா பாப்பா."

"அப்ப அம்மா எதுல ஏறுவாங்க?"

அவர் சிரித்தார். "அம்மாங்க எல்லாம் ஏற மாட்டாங்க பாப்பா. உக்கார நல்ல நிழல் இருக்கு. ஃபேன்கூடப் போட்டிருக்காங்க."

"பையை வைக்க லாக்கர் இல்லையா சார்?"

"இருக்கு. ஞாயித்துக்கிழமை கிடைச்சா உங்க அதிர்ஷ்டம்."

"வேன்லயே வெச்சுட்டா?"

"துணி மாத்தணும், சாப்பிடணும், பத்து தடவை பை வேணுமே. உள்ள போயிட்டா வெளிய விட மாட்டாங்க. அப்புறம் வேன்ல பை காணாமப் போனா நான் பொறுப்பில்ல."

"யோசிச்சுச் சொல்றோங்க" என்று அப்பா எழுந்தார். நாலு பேரும் படி இறங்கினார்கள்.

பெரிய கடை வீதியில் கூட்டம் நெரிந்தது. மூன்று டிராவல்ஸ் நோட்டீஸையும் அப்பா கையில் விரித்துப் பிடித்திருந்தார்.

"மார்க்கெட்ல எந்த மூட்டை எந்தக் கடைக்குன்னு ஒரு தடவை சொன்னாப் போதும் எனக்கு. இதுல எது உண்டு, எது கிடையாதுன்னே புரிய மாட்டேங்குது. டிபன் யாருது, தொப்பி யாருது?"

"தொப்பி இந்த ஆளுது. டிபனும் இவருதுதான்" என்றாள் அம்மா.

"அப்ப சாப்பாடு?"

"அது நகைக்கடைப்பா" என்றான் சித்து.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்ததும், யமுனா அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மற்ற மூவரும் பின்னாலேயே ஓடினார்கள். உள்ளே இருந்த இளைஞர் எழுந்து வணக்கம் சொன்னார்.

"அண்ணே, நாங்க எல்லாரும் ராட்டினத்துல ஏறிட்டா, பைக்கு என்ன பண்றது?"

"பைதானே? கவலையே வேண்டாம்" என்றார் அவர். "டைமண்ட் டிக்கெட் எடுத்தா ஒரு பை இலவசமாவே தர்றோம்!"

"இன்னொரு பையா!" என்று அம்மா பதறிப்போனாள்.

வெளியே வந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார்கள். பின் சீட்டில் நாலு பேருக்கும் இடம் கிடைத்தது. யமுனா செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"ஏண்டி ஊரு பூரா இதையே கேக்குற?" என்றாள் அம்மா. "எனக்கு எதுக்குடி ராட்டினம்?"

"உனக்கு ஆசையே இல்லையாம்மா?"

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஆடித் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள்.

"பயமாத்தான் இருக்கும். இருந்தாலும்... அவ்வளவு உசரத்துலேர்ந்து பார்த்தா எல்லாம் எப்படித் தெரியும்னு ஒரு தடவை பார்க்கலாம்தான்" என்றாள். உடனே குரலை மாற்றிக்கொண்டு, "பையை ஒழுங்காப் பிடிடி" என்றாள்.

அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. 

"அப்ப நான் உக்காந்துக்கறேன்" என்றார். "நீ பிள்ளைங்களோட ஏறு வேணி."

"அப்பா ஏறலன்னா நான் ஏற மாட்டேன்" என்றான் சித்து.

"அப்ப நான் உக்காந்துக்கறேன்" என்றாள் யமுனா.

"அந்தக் கூட்டத்துல உன்னைத் தனியா விட முடியுமா? நானும் கூட உக்காரணும்" என்றாள் அம்மா.

"நானும் உக்காந்துடறேன். நாலு பேரும் சேர்ந்தே பையைப் பார்த்துக்கலாம்" என்றான் சித்து.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் ஒருவர் உட்கார வேண்டியிருந்தது.

ஸ்ரீரங்கத்தில் இறங்கி நடந்தபோது, ரெங்கராஜின் டிராவல்ஸ் வாசலில் ஒரு வேன் நின்றது. அதிலிருந்து ஒரு பெரிய கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. வேன் நிழலில் ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இறங்கியவர்கள் பையையும் செருப்பையும் அவரிடம் கொடுத்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் கொடுத்தார். எல்லோரும் கையை வீசிக்கொண்டு கோவிலுக்குப் போனார்கள். ஒருவர்கூடப் பின்தங்கவில்லை.

யமுனா நின்றுவிட்டாள்.

"என்ன பாப்பா, டோக்கன் வேணுமா?" என்றார் ஸ்டூல்காரர். அவர் பெயர் அழகிரி.

"எப்பவும் நீங்கதான் பையைப் பார்த்துக்குவீங்களா மாமா?"

"வண்டி காசிக்குப் போனாலும் நான்தான், ராமேஸ்வரம் போனாலும் நான்தான்."

யமுனா விறுவிறுவென்று உள்ளே போனாள். "அங்க வேண்டாம்மா, பார்க்குக்கு மத்தியானம் கூட்டிட்டுப் போற ஆளு அவரு!" என்று அப்பா பின்னால் கத்தினார்.

ரெங்கராஜ் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுப் பார்த்தார். "காலைல வந்த பாப்பாதானே?"

"ஆமா சார். பார்க்குக்கும் அழகிரி மாமா வருவாரா?"

"வராம? அவனுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து உள்ளயே உக்கார வெச்சிடுவேன். நம்ம வண்டியில வந்தவங்க ஒருத்தரும் பையைக் கட்டிக்கிட்டு வெளிய உக்காரக் கூடாது. தரிசனம் பார்க்காம ஒருத்தர் திரும்பினாக்கூட, பாவம் எனக்குல்ல வரும்?"

"பார்க்குல தரிசனம் இல்லையே சார்."

"ராட்டினம் இருக்குல்ல? ஏறாமத் திரும்பினா அதுவும் பாவம்தான்."

யமுனா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஆனால் உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

"ஆனா மத்தியானம் போனா பாதி நாள் போயிடுமேங்க" என்றார் அப்பா. "எனக்கு இருக்கறது ஒரே நாளு."

"கோவிலுக்குப் போகாம நம்ம வண்டி எங்கயும் போனதில்லைங்க" என்றார் ரெங்கராஜ்.

 யமுனா யோசித்தாள். "ஆடி ஞாயித்துக்கிழமை அம்மன் கோவில் ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும்ல சார்?"

"திறந்திருக்கும்."

"பார்க் சாயங்காலமே மூடிடும்ல?"

"மூடிடும்."

"அப்ப பார்க் முதல்ல, கோவில் அப்புறம்."

ரெங்கராஜ் கண்ணாடியை இறக்கினார். மறுபடி ஏற்றினார். "கோவில் அப்புறமா? இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லையே."

"குளிச்சுட்டுத்தானே சார் கோவிலுக்குப் போகணும்?" என்றான் சித்து. "பார்க்குல நாள் பூரா தண்ணியில குளிக்கத்தானே போறோம்?"

வாசலில் அழகிரி சத்தமாகச் சிரித்தார். ரெங்கராஜுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி. ஆனா பொழுது சாயும்போது நான் கூப்பிடுவேன். யார் எந்த வரிசையில நின்னாலும் கிளம்பிடணும். ரெண்டு கோவில்ல ஒண்ணைக்கூட விட மாட்டேன்."

"சரிங்க சார்" என்றாள் யமுனா.

சனிக்கிழமை இரவு வேன் புறப்பட்டது. அப்பாவோடு மூட்டை தூக்கும் இரண்டு பேருடைய குடும்பங்களும் வந்தன. டிபன் கிடையாது, தொப்பியும் கிடையாது. அம்மா புளிசோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஏ.சி. விழுப்புரம் வரை ஓடியது, அப்புறம் நின்றுவிட்டது.

பார்க்குக்குள் அழகிரி ஒரு மர நிழலில் ஸ்டூலைப் போட்டு, எல்லோருடைய பையையும் வாங்கிக்கொண்டார். அம்மா பையைக் கொடுத்தாள். நாலு அடி நடந்தாள். திரும்பி வந்து பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். மறுபடி நாலு அடி நடந்தாள்.

"அம்மா, வாம்மா!" என்று சித்து அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

ராட்டினம் மேலே ஏறியபோது அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்பாவின் கையை அவள் பிடித்த பிடியில், மூட்டை தூக்கிக் காய்த்த அந்தக் கையே வலித்தது. உச்சியில் ராட்டினம் ஒரு நிமிடம் நின்றது.

"கண்ணைத் திறம்மா" என்றாள் யமுனா.

அம்மா ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றையும் திறந்தாள். மரங்களெல்லாம் கீரைப்பாத்தி மாதிரி தெரிந்தன. தூரத்து ரோட்டில் பஸ்கள் ஊர்ந்தன.

"அங்க பாருங்க!" என்று அம்மா கூவினாள். "நம்ம பை! பத்திரமா இருக்கு!"

இரண்டாவது தடவை ஏறியபோது அவள் பையைத் தேடவில்லை. மூன்றாவது தடவை, "நீங்க வரலன்னா போங்க" என்று தனியாகவே போய் வரிசையில் நின்றாள்.

சாயங்காலம் யமுனா ஈரத்தலையோடு பை எடுக்க வந்தாள். அழகிரி அதே ஸ்டூலில், ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நீங்க எதுலயும் ஏறலையா?"

"நானா? பை இருக்கே பாப்பா."

யமுனாவுக்குச் சுருக்கென்றது. டிராவல்ஸ் டிராவல்ஸாக அவள் கேட்ட கேள்வியை இவருக்காக யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதற்குள் பின்னால் வந்த அம்மா, புடவையைப் பிழிந்துவிட்டு ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றாள். "எழுந்திருங்கண்ணே. நான் பார்த்துக்கறேன். எட்டு மாடி உசரம். கண்ணை மட்டும் மூடிடாதீங்க."

"ஐயோ, வேண்டாம்மா. முதலாளி திட்டுவாரு."

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன். போங்க."

அழகிரி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். யமுனா அவரைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தி, தானும் கூட நின்றாள். வரிசை மெதுவாக நகர்ந்தது. அவர்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

"நேரமாச்சு! கோவில் நடை சாத்திடுவாங்க! எல்லாரும் வாங்க!" என்று ரெங்கராஜ் கையைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"சார், ஒரே ஒரு சுத்து சார்!" என்றாள் யமுனா.

"நீதானே பாப்பா ஒத்துக்கிட்ட?"

 அழகிரி சிரித்துக்கொண்டே வரிசையை விட்டு வெளியே வந்தார். "விடு பாப்பா. பக்கத்துல நின்னு பார்த்ததே போதும்" என்றார். ஆனால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் நடந்தார்.

இரண்டு கோவிலுக்கும் போனார்கள். எல்லோருக்கும் தரிசனம் கிடைத்தது. இரண்டு கோவில் வாசலிலும் பைகளுக்குப் பக்கத்தில் அழகிரிக்குப் பதிலாக அம்மாவும் யமுனாவும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். அவரையும் உள்ளே அனுப்பினார்கள். அதுவரை எந்த டூரிலும் அப்படி நடந்ததில்லை என்று ரெங்கராஜ் சொன்னார்.

திங்கட்கிழமை விடியும்போது வேன் ஸ்ரீரங்கத்துக்கு வந்து நின்றது. சித்து அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அழகிரி ஒவ்வொரு பையாக எடுத்துக் கொடுத்தார்.

"அடுத்த ஆடிக்கு வர்றோம்ணே" என்றாள் அம்மா. "முதல் சுத்து உங்களுக்குத்தான்."

அழகிரி மாமாவுக்கு யமுனா வீட்டார் ஒரு ராட்டினச் சுற்று பாக்கி.