மூன்றாம் கணினியின் துப்புரவு

ஜூன் 9, செவ்வாய். இன்று மூன்றாம் கணினியைத் துப்புரவாக்கினேன். டீச்சரிடம் கேட்கவில்லை. அது சின்னப் பிழைதான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

நாட்குறிப்பில் இப்படி எழுதி வைத்துவிட்டுத்தான் நிப்லா தூங்கப் போனாள்.

எதையும் ஒழுங்காக அடுக்காவிட்டால் அவளுக்குக் கை துறுதுறுக்கும். திருகோணமலையில் படகுகள் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்தில் நடக்கும் மாலைக் கணினி வகுப்பிலும் அதே கதைதான். மூன்றாம் கணினியில் நிறுவியிருந்தவற்றின் பட்டியலில் ஒரே பெயர் பல தடவை வரிசையாக நின்றது. பின்னால் வரும் ஆண்டும் எண்ணும் மட்டும் வேறு வேறு. 'ஒன்று போதாதா?' என்று, புதியதை வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டாள். வகுப்பு முடிந்துவிட்டதால் நான்காம் கணினி பாதித் துப்புரவோடு தப்பியது.

மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டுப் பரீதா மாமி குசினி வாசலில் வந்து நின்றார்.

"உங்கட கேஸ் ரெகுலேட்டரை ஒருக்காத் தாங்க. எங்கட பழுதாப் போச்சு. சோறு அரைவேக்காட்டில நிக்குது."

உம்மா கழற்றிக் கொடுத்தார். மாமி போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"இது புதுசுதான். ஆனா எங்கட சிலிண்டர்ல கொழுவ ஏலாது. வாய் வேற மாதிரி."

"அப்ப சோத்துப் பானையைத் தூக்கிக்கொண்டு இஞ்ச வாங்க!" என்று உம்மா சிரித்தார்.

மாலையில் வகுப்புக்குப் போனால், மூன்றாம் கணினிக்கு முன்னால் அவளோடு படிக்கும் லோஜினி அழாக்குறையாக உட்கார்ந்திருந்தாள்.

துறைமுகத்தில் தோணி ஓடுவது போல ஓர் அசையும் படம் அவள் செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை பெற்றோருக்குக் காட்ட வேண்டும். இப்போதோ படம் வரையும் மென்பொருள் திறக்கவே இல்லை. ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்று சின்னப் பெட்டி ஒன்றுதான் வந்தது.

"எப்பவும் இதில இருக்கிறது நீதானே? கீபோர்டில தவில் அடிச்சா இப்படித்தான்" என்றான் பக்கத்துக் கணினியில் இருந்த சஜீத்.

"நான் ஒண்டும் செய்யேல்லை! அப்பா நிலாவெளி ஹோட்டல்ல லீவு கேட்டு வாறார். அவருக்கு என்னத்தைக் காட்டுறது?" லோஜினியின் கண் நிறைந்துவிட்டது.

நேற்று நீக்கியவை நிப்லாவுக்கு நினைவு வந்தன. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் பழி லோஜினியின் தலையில் அல்லவா விழுகிறது?

"அவள் செய்யேல்லை. நான்தான்" என்றாள்.

சனூஸா டீச்சர் எழுந்து வந்தார். "என்ன செஞ்சீங்க, மகள்?"

"ஒரே பெயர்ல கனக்க இருந்திச்சு, டீச்சர். புதுசு ஒண்டு போதுமெண்டு மற்றதை நீக்கிட்டன்."

"அட! அது ரன்டைம். பல மென்பொருளும் பொதுவாப் பாவிக்கிற கோப்புகள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு ஆண்டுக்குரியது வேணும்."

"அப்ப... பழைய சிலிண்டருக்குப் புது ரெகுலேட்டர் கொழுவாத மாதிரியா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "ஓம், அதே மாதிரித்தான். ஆனா இதுக்கு எந்த ஆண்டு எண்டு எனக்கும் தெரியாதே."

நிப்லா யோசித்தாள். படம் வரையும் மென்பொருளைச் செய்தவர்கள் அதற்கு என்ன தேவை என்று எழுதாமலா இருப்பார்கள்? அவர்களுடைய இணையப் பக்கத்தைத் தேடினாள். இருந்தது: 2010.

அதற்குள் சஜீத் கத்தினான். "இஞ்ச பார்! காணாமப் போன அந்த ஒரு ஃபைலை மட்டும் சும்மா குடுக்கிறாங்க!" அவன் திறந்திருந்த ஏதோ ஒரு தளத்தில் பச்சைப் பொத்தான் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஆர் குடுக்கிறது?" என்று நிப்லா கேட்டாள்.

"தெரியாது."

"ஆரெண்டே தெரியாதவன் தாற ரெகுலேட்டரை உங்கட அடுப்பில கொழுவுவியா?"

சஜீத் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

ரன்டைமைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே அதை இறக்கி நிறுவினார்கள். கணினியை அணைத்துப் போட்டார்கள். மறுபடியும் அதே பெட்டி!

'நான் தொட்டாலே பிழைதான்' என்று நிப்லாவுக்குத் தோன்றியது. கண்ணை மூடி, நேற்று நீக்கியவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். 2010 இரண்டு தடவை இருந்தது. ஒன்றின் முடிவில் 64. மற்றதில் 86.

"நாங்கள் 64 மட்டும்தான் போட்டம்!"

"86 தானே பெரிசு? முதலே அதைப் போட்டிருக்கலாமே" என்றான் சஜீத்.

"பெரிசு சின்னன் இல்லை. ரெண்டும் ரெண்டு வகை. இந்தப் பழைய மென்பொருளுக்கு மற்ற வகைதான் வேணும் போல."

அதையும் நிறுவினார்கள். லோஜினி மூச்சைப் பிடித்துக்கொண்டு சொடுக்கினாள்.

திரையில் கடல் விரிந்தது. ஒரு சிவப்புத் தோணி ஆடி ஆடிப் புறப்பட்டது.

"ஓடுது!" லோஜினி கதிரையிலிருந்து துள்ளினாள். பிறகு நிப்லாவை முறைத்தாள். "இனி என்ர கம்பியூட்டரைத் துப்புரவாக்கிறதெண்டா, துணியால மட்டும் துடை. விளங்குதா?"

"ஓம்" என்றாள் நிப்லா. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

ஜூன் 10, புதன். லோஜினியின் தோணி ஓடுகிறது. நாளைய வேலை: முதலில் டீச்சரிடம் கேட்பது. பிறகு, மூன்றாம் கணினியில் மிச்சத்தையும் நான்காம் கணினியில் நான் நீக்கியவற்றையும் திருப்பிப் போடுவது.