புடிச்சிருக்கேன்

பிரேக் பெடல் மெத்தென்று அமுங்கியது. அதோடு நின்றிருந்தால் தனசேகரன் கவலைப்பட்டிருக்க மாட்டான். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரை மாற்றிய காரில், ஆயில் குழாய்க்குள் காற்று நின்றுவிட்டால் பெடல் அப்படித்தான் இருக்கும். ஆனால் இது அமுங்கி முடித்து, கொஞ்சம் யோசித்து, பிறகு கீழிருந்து அவன் பாதத்தைத் திரும்ப அழுத்தியது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்துப் பார்த்தான். ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து இன்ஜினையே போடவில்லை.

வேறு சமயமாக இருந்தால் காரை அப்படியே போட்டுவிட்டுப் படுக்கப் போயிருப்பான். இப்போது முடியாது. சசிகலாவுக்கு மாதம் நிறைந்துவிட்டது, பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது. லேசாக வலி எடுத்தாலே கீழே வேலூருக்கு இறங்கிவிட வேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆம்புலன்ஸ் மலையேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஜவ்வாது மலையின் அந்த வளைவுகளில் அவளை ஏற்றிக்கொண்டு இறங்கத்தான் நல்ல பிரேக்காகப் போட ஆசைப்பட்டான். அடிவாரத்து ஒடுகத்தூர் மெக்கானிக் உஸைர், கவிழ்ந்து கிடந்த ஒரு பெரிய வண்டியிலிருந்து பெடல் முதல் டிஸ்க் வரை முழு செட்டையும் கழற்றிக் கொடுத்தான். ஓட்டி வந்த பெண் சாகும் வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லையாம், அவ்வளவு நல்ல பிரேக்காம். விற்கிறவன் இதையெல்லாமா சொல்வான்? உஸைர் சொல்வான்.

நானே மாட்டிக்கொள்கிறேன் என்று தனசேகரன் வீறாப்பாக எடுத்து வந்துவிட்டான். மாட்டியும் விட்டான். காற்று எடுத்தான், மறுபடி எடுத்தான், பெடல் இறுகவே இல்லை. சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று உஸைரைக் கூப்பிட்டான்.

"காத்து எடுக்கிற நிப்பிள் மேல பாக்குதா, கீழ பாக்குதாணா?" என்று உஸைர் கேட்டான்.

தனசேகரன் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னான். கீழே.

உஸைர் சிரித்துவிட்டான். "லெஃப்ட்ட தூக்கி ரைட்டுல மாட்டிக்கீற. காத்து மேலதான நிக்கும்? கீழ தொறந்தா எப்டி வரும்?"

வெட்கமாக இருந்தது, ஆனால் அதைவிட நிம்மதியாக இருந்தது. இவ்வளவுதானா விஷயம் என்று இரண்டு கேலிப்பரையும் கழற்றிப் பக்கம் மாற்றினான். அதற்குள் பொழுது சாய்ந்து, பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி, சாமைக் கொல்லையை மூடி, காரின் பின்பக்கத்தையும் மூடிவிட்டது. பெடல் மிதிக்க ஒரு ஆள் வேண்டும். சசிகலாவே வந்து, வயிறு ஸ்டியரிங்கில் இடிக்காமல் சாய்ந்து உட்கார்ந்தாள். வேலை ஒன்றும் பெரிதில்லை. அவன் 'புடி' என்றால் மிதித்துப் பிடிக்க வேண்டும், அவன் நிப்பிளைத் திறந்து மூடுவான், பிறகு 'வுடு' என்றால் விட வேண்டும். செய்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

வலது சக்கரம் நல்லபடியாக முடிந்தது. இடது பக்கம் போய், ஈர மண்ணில் உட்கார்ந்து, சக்கரம் கழற்றிய குழிவுக்குள் தலையை நுழைத்தான். அங்கிருந்து சீட் தெரியாது. பிரேக் ஆயிலின் காரமான நெடி, நனைந்த இரும்பின் வாடை, எங்கோ சொட்டுகிற தண்ணீர், இவற்றுக்கு நடுவே அவன் குரல் கொடுக்க, அவள் குரல் கொடுக்க, ஆயிலோடு குமிழி குமிழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

"புடி."

"புடிச்சிருக்கேன்."

"வுடு."

"வுட்டுட்டேன்."

அவள் குரல் அடங்கிக்கொண்டே வந்தது. களைத்துவிட்டாள் போல என்று நினைத்தான். பாவமாக இருந்தது. அடுத்த முறை குரல் சீட்டிலிருந்து வரவில்லை. அந்தக் குழிவுக்குள்ளிருந்து வந்தது. காதோரத்தில். பனியில் சத்தம் அப்படித்தான் இடம் மாறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை "புடி" என்றான்.

"புடிச்சிருக்கேன்."

திறந்தான். குமிழியே இல்லாமல் சுத்தமான ஆயில் வந்தது. மூடி இறுக்கினான். 'வுடு' என்று சொல்ல வாயெடுத்தபோது வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

சசிகலா வாசலில் நின்றாள். இடுப்பைப் பிடித்தபடி.

"இன்னாங்க, எத்தினி வாட்டி கூப்புடுறது? வலி எடுக்குது. நான் எப்பவோ வூட்டுக்குள்ள வந்துட்டேன்."

தனசேகரன் எழுந்து சீட்டைப் பார்த்தான். யாரும் இல்லை. பெடலில் கால் வைத்தான். கல் மாதிரி இருந்தது. அவன் மேலிருந்து மிதிக்க, கீழிருந்து ஏதோ தாங்கிப் பிடித்தது.

அவன் பயந்தான். ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் எங்கே ஓடுவது? பாறைமேல் ஏறிக் கூப்பிட்டுப் பார்த்தான், ஆம்புலன்ஸ் இப்போதுதான் அடிவாரத்தில் கிளம்புகிறதாம். சசிகலா திண்ணமாகச் சொன்னாள், இனி தாங்காது. சக்கரங்களை மாட்டினான். வாசலிலேயே ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்திப் பார்த்தான். சொன்ன இடத்தில் நின்றது. இந்த வண்டி இப்படி நின்றதே இல்லை. அவளைப் பின்சீட்டில் ஏற்றினான்.

முதல் வளைவு. நின்றது. அடுத்தது. நின்றது. ரப்பர் சூடேறிக்கொண்டே வந்து, செருப்பைத் தாண்டிச் சுட்டது. காலடியில் மூச்சு வாங்குவது போல ஒரு சத்தம். கேட்காத மாதிரி ஓட்டினான். பிடித்துக்கொண்டிருக்கிறது, அது போதும். ஒடுகத்தூர் வரைக்கும் பிடித்தால் போதும்.

பனிக்குள் தடுப்புச்சுவர் இல்லாத அந்தப் பெரிய வளைவு வந்தது. சரிவு. மிதித்தான். வண்டி அடங்கியது. அந்த நேரம் பார்த்து சசிகலாவுக்கு வலி முறுக்கிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து எட்டி அவன் தோளை இறுகப் பற்றினாள். நகம் இறங்கியது. ஸ்டியரிங் ஆடியது.

"சசி, தோள வுடு."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

தோளில் அவள் பிடி தளரவே இல்லை.

அவன் பாதத்துக்கு அடியிலிருந்து, களைத்துப்போன ஒரு பெண்குரல் சொன்னது.

"வுட்டுட்டேன்."