பச்சைக்கு அடியில்

2017 டிசம்பர் 4, திங்கட்கிழமை. தேங்காய்ப்பட்டணத்துக்கு அருகே ஒரு கடற்கரை ஊரில், புயலுக்குப் பிறகு கரை திரும்பாத படகுகள் பதினேழு.

அன்று காலை பத்து மணிக்கு ரெஜிஷா மாதா கோயிலை ஒட்டிய பழைய மண்டபத்தின் மாடிக்கு ஏறினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் அறை அது. கூரை ஓட்டில் பாதியைக் காற்று கொண்டுபோயிருந்தது. மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் வழியாக வந்த வெளிச்சத்தில் சுவரும் பெஞ்சும் அவள் கையும் ஒரே நிறமாக இருந்தன. ஊரில் ஐந்தாவது நாளாகக் கரண்ட் இல்லை. கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாலை நான்கு மணி வரைக்கும்தான் டீசல் என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார்.

ரெஜிஷா கோட்டாறில் ஒரு சின்ன நிறுவனத்தில் இணைய வரைபடங்கள் செய்கிறவள். கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் குறி வைத்துக் கொடுப்பது வேலை. காணாமல்போன படகுகளுக்கும் அப்படி ஒரு படம் வேண்டும் என்று சாமியார் கேட்டார். அவள் தம்பி டிஜோ அந்தப் பதினேழில் ஒன்றில் இருந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. தட்டச்சு வந்தது.

வராத படகுக்குச் சிவப்புக் குறி. வந்ததற்குப் பச்சை. அந்தப் படத்தைத் தாளில் அச்செடுத்து கிளீட்டஸ் கையில் கொடுப்பார்கள். ஊர்ப் படகுகளைக் கூட்டிக்கொண்டு தேடப் போகிறவர் அவர். "ஏட்டி, வடக்கும் தெக்கும் நீ படம் வரஞ்சு தந்தாத்தான் எனக்குத் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பெண்கள் வரிசையாக வந்து, வீட்டு ஆண்கள் எந்த இடத்தில் தொழில் செய்வார்கள் என்று ஜிபிஎஸ் எண் சொன்னார்கள். கடலடியில் மீன் அடையும் பாறைத்திட்டைப் பார் என்பார்கள். நல்ல பாரின் எண்ணை யாரும் வெளியே சொல்வதில்லை. மனைவிக்கோ அக்காவுக்கோ மட்டும் தெரியும். டிஜோவும் மரியானும் கூட்டாளிகள், வேறு வேறு படகில் போய் ஒரே பாரில் தொழில் செய்கிறவர்கள். எனவே ரெஜிஷா தம்பி படகுக்குப் போட்ட எண்ணையே மரியானின் மனைவி செசிலியும் சொன்னாள். இரண்டு குறிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

குறிகள் ஒரே இடத்தில் விழுந்தால் எது மேலே தெரிய வேண்டும் என்பதற்கு வரிசை எண் ஒன்று உண்டு. எண் பெரிதானால் குறி மேலே வரும். ரெஜிஷா தம்பியின் குறிக்கு ஆயிரம் என்று கொடுத்தாள். மற்ற எதற்கும் எதுவும் கொடுக்கவில்லை.

செசிலி திரையில் தேடினாள். "எங்க போட்டைக் காணல்லியே மக்கா?"

"டிஜோக்க அடியில இருக்கு அக்கா. ரெண்டும் ஒரே எடம்."

"அடியிலயா? கொஞ்சம் மேல எடுத்து வையேன்."

வைக்கிறேன் என்றாள் ரெஜிஷா. அடுத்தவள் எண்ணோடு நின்றிருந்தாள். பிறகு அது நினைவில் இல்லை.

கிளீட்டஸ் முதல் முறை போனபோது கடல் விடவில்லை. பாதி வழியில் திரும்பிவிட்டார். ஆறாம் தேதி மாலை கொச்சியிலிருந்து போன் வந்தது. சரக்குக் கப்பல் ஒன்று டிஜோவையும் கூட இருந்த மூவரையும் நடுக்கடலில் தூக்கியிருந்தது. ரெஜிஷா அவன் குறியைப் பச்சையாக்கிவிட்டுக் கொச்சிக்குப் பஸ் ஏறினாள்.

ஒன்பதாம் தேதி பகல் இரண்டு மணிக்குத்தான் மறுபடி அந்த அறைக்கு வந்தாள். தம்பி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்ததும் ஐஸும் டீசலும் கலந்த நாற்றம். படகின் அடியில் மீன் போட்டு வைக்கும் அறையைத் திறந்தால் வருவது. ஜெனரேட்டர் நாற்றம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஜெனரேட்டர் கீழே இருந்தது, காற்று எதிர்ப்பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

திரையில் அந்தப் பாரின்மேல் சிவப்பு தெரிந்தது.

பச்சை இல்லை. அதை மூடிக்கொண்டு சிவப்பு நின்றது. சாமியார் எதையாவது அழுத்தியிருப்பார் என்று நினைத்து நிரலைத் திறந்தாள். டிஜோவுக்கு 1000, அவள் எழுதியது. மரியானுக்கு 1001.

அதை அவள் எழுதவில்லை.

தொழில் பழக்கத்தில் சோதித்துப் பார்த்தாள். டிஜோவுக்கு 2000 கொடுத்துப் பக்கத்தைப் புதுப்பித்தாள்.

சிவப்பு மேலே நின்றது.

2001.

5000 கொடுத்தாள்.

5001.

ஜெனரேட்டர் நின்றது. மணி இன்னும் மூன்றுகூட ஆகவில்லை. தார்ப்பாய் காற்றில் உப்பி, மெல்ல அடங்கியது. மூலை பெஞ்சில் ஏதோ ஒரு படகிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த வயர்லெஸ் பெட்டி ஒன்று கிடந்தது. அதற்கு ஏரியல் இல்லை, பேட்டரியும் இல்லை.

அது இரைந்தது.

இரைச்சலுக்குள் தண்ணீர் மரத்தில் அடிக்கிற சத்தம். அதற்கும் பின்னால், களைத்துப்போன ஒரு குரல் தாழ்ந்து கேட்டது.

"எங்களுக்க மேல நிக்கியது ஆராக்கும்?"

ரெஜிஷாவுக்குக் கத்தத் தோன்றவில்லை. எதிர்ச்சுவரில் ஏழாம் தேதி அச்செடுத்த தாளின் நகலைச் சாமியார் ஒட்டியிருந்தார். எழுந்து போய்ப் பார்த்தாள். அந்தப் பாரின்மேல் பச்சை மட்டும். தாளில் இருப்பதைத் தள்ளி அடியில் என்ன என்று பார்க்க முடியாது. அந்தத் தாளோடுதான் கிளீட்டஸ் இரண்டாம் முறை கடலுக்குப் போயிருந்தார்.

மறுநாள் ஞாயிறு, முதல் பூசை முடியும் நேரத்தில் அவர் கரை வந்தார். அந்தப் பாருக்குப் போனீர்களா என்று ரெஜிஷா கேட்டாள்.

"எட்டாந்தேதி மத்தியானம் நாலு மைல் தள்ளித்தான் வந்தோம். அங்க பச்சயாக்கும் கெடந்தது. அப்பம் போவாண்டாம்ணு விட்டாச்சு."

அவள் பச்சைக்கு அடியில் இருந்ததைச் சொன்னாள். கிளீட்டஸ் தாளை எடுத்து விரித்து நெடுநேரம் பார்த்தார். டீசல் நிரப்பச் சொல்லிவிட்டு பால் விடாத ஒரு கட்டன் சாயா குடித்தார். ஒரு மணி நேரத்தில் படகு மறுபடி புறப்பட்டது.

பன்னிரண்டாம் தேதி திரும்பினார்கள். மரியானின் படகு அந்தப் பாரிலேயே இருந்தது. கவிழ்ந்திருந்தது; நங்கூரம் பாறையில் மாட்டியிருந்ததால் எங்கும் போகவில்லை. கவிழ்ந்த அடிப்பாகத்தில் ஒரு கம்பைச் செருகி நீலச் சட்டை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் கத்தியால் கீறிய கோடுகள். புயல் வந்த நவம்பர் முப்பதிலிருந்து நாளுக்கு ஒன்றாக எண்ணினால் கடைசிக் கோடு டிசம்பர் எட்டு. ஆள் யாரும் இல்லை.

அன்று மாலையே ரெஜிஷா செசிலி வீட்டுக்குப் போனாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. ஆயிரம் என்ற எண்ணிலிருந்து நாலு மைல் வரைக்கும் நின்றபடியே சொல்லி முடித்தாள். சட்டை எந்த நிறம் என்று மட்டும் செசிலி கேட்டாள். நீலம் என்று சொன்னாள். செசிலி தலையாட்டினாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்து தீ அணைந்தது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இப்பம் மேல இருக்கா?"

"இருக்கு அக்கா."

"இனி எறக்காத."

ரெஜிஷா இறக்கவில்லை. இறக்கவும் முடியவில்லை. ஜனவரியில் வேலைக்குத் திரும்பியபின் ஒரு ஜவுளிக்கடைக்குப் படம் செய்து கொடுத்தாள். எங்கள் கடைமேல் சிவப்பாக என்னமோ உட்கார்ந்திருக்கிறதே என்று கடைக்காரர் போன் செய்தார். அழித்தால் மறுநாள் வந்தது. எந்த எண் கொடுத்தாலும் அதற்கு ஒன்று கூட இருந்தது. மூன்றாவது புகாருக்குப் பிறகு முதலாளி அவளைக் கணக்கெழுதும் மேசைக்கு மாற்றினார்.

படகுகளின் வரைபடப் பக்கம் 2019 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. சர்வரில் இருந்த கோப்புகளை அவளே அழித்தாள். செசிலியின் கைபேசியில் மட்டும் அது திறக்கிறது. அதில் இருப்பது ஒரே ஒரு குறி. காலையில் குளச்சல் சந்தைக்குப் போகும் முன் அவள் அதைப் பார்ப்பாள். குறி இருக்கும் இடத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். நோட்டின் முதல் வரியில் அது அந்தப் பாரிலேயே, கரையிலிருந்து அறுபது மைலில். கடைசியாக எழுதியபோது கரையிலிருந்து பதினொரு மைலில் இருந்தது.