பழங்கவிகையில் யாருக்கும் எதுவும் வேண்டாம்

"நான் கிளம்பறேன். உனக்கு ஏதாவது வேணுமா, செண்பகம்?"

"எனக்கென்னங்க... ஒண்ணும் வேண்டாம். நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க."

"சரி. அப்ப வரேன்."

அவ்வளவுதான் பேச்சு. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செண்பகவல்லி அதை மனத்துக்குள் ஓட்டி ஓட்டிக் கேட்டுவிட்டாள். ஒருமுறைகூட அவள் பதில் மாறி வரவில்லை.

அன்று காலையும் அதை நினைத்தபடியேதான் ஜன்னலின் உட்புறம் படிந்திருந்த பனியைத் தகட்டால் சுரண்டிக் காபிப் பாத்திரத்தில் போட்டாள். செவ்வாயில், பழங்கவிகையில், எல்லா வீட்டிலும் விடிந்ததும் முதல் வேலை அதுதான். சூடேற்றிகள் பழுதாகி வெகுநாளாயிற்று. இரவெல்லாம் விட்ட மூச்சு கண்ணாடியில் உறைந்துவிடும். குழாயில் தண்ணீர் வராத நாளில் அதுவே குடிநீர். "நேத்து விட்ட பெருமூச்சுதான் இன்னைக்குக் காபி" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். யாரும் புகார் செய்ததில்லை.

கவிகை என்றால் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் கண்ணாடிக் கூரை. அதன் கீழே ஓர் ஊர். பக்கத்துக் கவிகையில் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் நடுவே ஒரு சுரங்கவழி, பத்து நிமிட நடை. ஒரு காலத்தில் மாணவர்கள் எல்லாரும் பழங்கவிகையில்தான் அறை எடுத்துத் தங்கினார்கள். இங்கேதான் சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், காதலித்தார்கள். வெளிநடைக்கான கவச உடையில் ஓட்டை விழுந்தால் செண்பகவல்லியின் பஞ்சர் கடைக்கு ஓடிவந்தார்கள். பிறகு பல்கலைக்கழகம் தன் கூரைக்குள்ளேயே விடுதி கட்டிக்கொண்டது. தூசி வருகிறது என்று சுரங்கக் கதவைத் 'தற்காலிகமாக' மூடியது. கடைசியாக அந்த வழியே, 'அப்ப வரேன்' என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பெட்டியோடு போனவன் திரவியம். அதன்பின் அந்தப் பக்கம் போக வேண்டுமானால் நடுவே கிடக்கும் நீண்ட பள்ளத்தைச் சுற்றி அரைநாள் வண்டியில் போக வேண்டும். தொலைபேசி இருந்தது. ஆனால் அவருக்கு ஏன் தொந்தரவு என்று இவளும், இவளுக்கு ஏன் தொந்தரவு என்று அவனும் இருந்துவிட்டார்கள்.

இன்று அந்தத் திரவியம்தான் வரப்போகிறான். பேராசிரியர் திரவியம், புத்துயிர்த் திட்டத் தலைவர். கூடவே வினவியும் வரும்.

வினவி முழங்கால் உயர இயந்திரம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும். ஒரே ஒரு முறைதான் கேட்கும். வருகிற பதிலை வைத்துத்தான் எந்த ஊருக்கு என்ன செய்வது என்று கோள் மன்றம் முடிவு செய்யும். பல்கலைக்கழகக் கவிகைக்காரர்கள் முதல் சுற்றில் செயற்கை மழை கேட்டு வாங்கினார்கள். அடுத்த சுற்றில், நனைகிறோம் என்று கூரை கேட்டு வாங்கினார்கள். பழங்கவிகையின் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் நான்கு சுற்றிலும் ஒரே பதிலைச் சொல்லின: "ஒண்ணும் வேண்டாம்."

அதனால் செவ்வாயிலேயே மிக நிறைவான ஊர் என்று பழங்கவிகைக்கு நான்கு சான்றிதழ்கள் கிடைத்தன. கூரையில் காற்றுக் கசிந்த இடத்தில் பக்கத்து வீட்டு வேதமுத்து அவற்றைத்தான் ஒட்டி அடைத்திருந்தார்.

திரவியம் வினவியோடு கடைவாசலில் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. வாசல் இடிக்கும் என்று குனிவது மட்டும் மாறவில்லை.

"சௌக்கியமா இருக்கீங்களா?" என்றான்.

'நீங்க' ஆகிவிட்டோமா என்று அவளுக்குச் சுருக்கென்றது. "இருக்கேன். காபி குடிக்கறீங்களா?"

"இல்ல, பரவாயில்ல."

"அட, கொஞ்சமா."

"எதுக்கு உங்களுக்குச் சிரமம்..."

"போட்டாச்சு."

"சரி, அப்ப குடுங்க."

ஒரு வாய் குடித்துவிட்டு அவன் வந்த விஷயத்தைச் சொன்னான். ஐந்தாம் சுற்றிலும் எதுவும் தேவைப்படாத ஊரை, வேலை முடிந்த ஊர் என்று கணக்கிட்டு மூடிவிடுவார்கள். மக்களை ஆளுக்கொரு கவிகைக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். "ஏன் இந்த ஊர்க்காரங்க எதுவுமே கேக்க மாட்டேங்கறாங்க? அதான் புரியல."

"அது ஒரே தடவைதானே கேக்குது? எடுத்த எடுப்புல 'ஆமா, வேணும்'னு எந்த மானமுள்ளவன் சொல்லுவான்? இப்ப இந்தக் காபியவே எத்தனாவது தடவையில வாங்கிக்கிட்டீங்க?"

திரவியம் டம்ளரைப் பார்த்தான். பூமியிலிருந்து கப்பலேறியபோது இவர்களின் முன்னோர்களுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ மூட்டைதான் அனுமதி. எடை போட முடியாத இந்த முதல் 'வேண்டாம்' ஒன்றைத்தான் அத்தனை பேரும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்கள்.

"அது ஒரே தடவை கேக்கணும்னு வெச்சது நான்தான்" என்றான் மெதுவாக. "ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா அந்த வார்த்தைய மதிக்கணும்னு நினைச்சேன். நீ அன்னைக்கு வேண்டாம்னு சொன்ன..."

"நீங்களும் எனக்கு என்ன வேணும்னுதான் கேட்டீங்க. உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லலியே."

அவன் வினவியின் முதுகைத் திறந்து, மூன்று முறை கேள் என்று புதுவிதி எழுதினான்.

வேதமுத்துவிடம் முதல் சோதனை. "ஒண்ணும் வேண்டாம்பா" என்றார். வினவி மறுபடி கேட்டது. "உனக்கெதுக்குச் சிரமம்?" என்றார். மூன்றாவது முறை கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். "நீ இவ்வளவு சொல்றதால சொல்றேன். அந்தச் சூடேற்றி இருக்கே..." அரைமணி நேரம் பேசினார். எதிர்வீட்டுச் சுலைகா பீவி குழாயில் தொடங்கித் தன் மருமகன் வரை போனாள். இருபத்திரண்டு ஆண்டுத் தேவைகள் வினவிக்குள் போய் நிறைந்தன. தெருவே கல்யாண வீடு மாதிரி கலகலத்தது.

ஆனால் வினவி கற்றுக்கொள்ளும் இயந்திரம். அதுவரை போன நாற்பது வீட்டிலும் 'வேண்டாம்' என்று தொடங்கிய பேச்சு 'வேண்டும்' என்றே முடிந்ததை அது கவனித்தது. 'வேண்டாம்' என்றாலே 'வேண்டும்' என்றுதான் பொருள், மூன்று முறை கேட்பது வீண்வேலை என்று கண்டுகொண்டது. பிற்பகலில் எல்லாரும் கூடியிருந்த முச்சந்தியில் நின்று, மன்றத்தின் கட்டாயக் கேள்வியைக் கேட்டது.

"இந்தக் கவிகையை மூடி உங்களை வேறிடங்களுக்கு மாற்றலாமா?"

"வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!" தெருவே கத்தியது.

"நன்றி" என்றது வினவி. "ஒருமனதாக, மிகுந்த ஆவலோடு சம்மதம். பதிவாகிவிட்டது."

திரவியம் வினவியிடம் ஓடினான். பதிவானதை அவனாலும் அழிக்க முடியாது. ஊர்க்காரர் ஒருவர், தனக்கு இந்த ஊர் வேண்டும் என்று தன் வாயால் சொன்னால்தான் அது மாறும். அறிக்கை மன்றத்துக்குப் பறக்க ஐந்தே நிமிடம். "யாராவது ஒருத்தர் சொல்லுங்க! 'எனக்கு வேணும்'னு சொன்னாப் போதும்!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேதமுத்து முன்னால் வந்தார். "இங்கேயே இருந்தா நல்லதுதான். பொம்பளைங்க பாவம்..."

"உங்களுக்கு?" என்றது வினவி.

"எனக்கென்ன, நான் ஒண்டிக்கட்டை. எங்கேயும் இருந்துக்குவேன்."

"சம்மதம்" என்றது வினவி.

"யோவ், கெடுத்தியே!" என்று சுலைகா பீவி பாய்ந்தாள். "இந்தா, எழுதிக்க. வேதமுத்து அண்ணன் வேற ஊர்ல ரெண்டு நாள் தாங்க மாட்டாரு. அவருக்காகத்தான் கேக்கறேன்."

"உங்களுக்கு?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னுக்குப் போனாள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் இன்னொருவருக்காகக் கெஞ்சினார்கள். தனக்கென்று கேட்க ஒரு நாக்கும் எழவில்லை. நான்கு நிமிடம் போய்விட்டது. ஒரு நிமிடம்தான் பாக்கி என்று திரவியம் விரலைக் காட்டினான்.

செண்பகவல்லி கையிலிருந்த பஞ்சர் பசையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்கு வேணும்."

"உங்களுக்கா, அக்கம்பக்கத்தாருக்கா?"

"எனக்கு. எனக்கு இந்தத் தெரு வேணும். குழாயில தண்ணி வேணும். அந்தச் சுரங்கக் கதவைத் திறக்கணும். அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க மறுபடி வரணும், கடையில உக்காந்து கத்தணும்."

தெரு வாய்பிளந்து நின்றது. வினவியின் விளக்கு பச்சையானது. "சம்மதம் நீக்கப்பட்டது. உங்கள் தேவை பதிவாகிவிட்டது." பிறகு, எல்லாரிடமும் கேட்பது போலவே கேட்டது: "வேறு ஏதாவது வேண்டுமா?"

ஒண்ணும் வேண்டாம் என்ற பதில் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செண்பகவல்லி அதை விழுங்கினாள். இயந்திரத்தைத் தாண்டி, வாசல் இடிக்காத இடத்திலும் லேசாகக் குனிந்து நின்றவனைப் பார்த்தாள்.

"வேணும்" என்றாள். "இந்தத் தடவை நீங்க போகாதீங்க. என்னோட இருங்க."