காய்ந்த தரை

ஹதானோ ரென் எழுந்தான். சோறு வைத்தான். ஒரு கோப்பையை மட்டும் கழுவினான். குப்பை நாள். பாதிகூட நிறையாத பையைக் கட்டி, வாசலில் உறைந்திருந்த ஐஸைச் சுற்றிக்கொண்டு போய்த் தெருமுனையில் வைத்தான். பிறகு துப்பறிவாளர் குரோயிவாவுக்கு போன் செய்தான்.

அவர் வந்ததும் ஐஸைக் காட்டினான். "போன வாரம் என் மனைவி ஷியோரி குப்பைப் பையோட இங்கதான் வழுக்கி விழுந்தா. தலையில அடி. அப்பவே போயிட்டா. மழை இல்ல, பனி இல்ல. இங்க தண்ணி ஊத்தினது யாருன்னு எனக்குத் தெரியணும்."

வடக்கு ஜப்பானின் ஒபிஹிரோவில் அன்றும் வெயில் அடித்தது, ஆனால் அந்தக் குளிரில் ஐஸ் உருகவில்லை. குரோயிவா குனிந்து பார்த்தார். கண்ணாடிபோல் தெளிவாக, ஒரே இடத்தில் கொட்டிப் பரவியிருந்தது. இருபுறமும் டயர் தடம்.

உதவியாளர் மொரியா பக்கத்து வீட்டுப் பால் லாரியையே பார்த்தாள். "கமாதாதான் சார். லாரி கழுவியிருக்கார். மூஞ்சியப் பாருங்க."

"மூஞ்சி பார்த்தே சொல்லிடலாம்னா நான் எதுக்கும்மா?"

வேலிக்கு அப்பால் கமாதா நிமிர்ந்தார். "வெளிக்குழாயை முதல் உறைபனிக்கே வடிச்சு மூடியாச்சு. இங்க குளிர்காலத்துல யாரும் வண்டி கழுவ மாட்டாங்க. பொண்ணு டோக்கியோவா?"

மொரியா லாரியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

குரோயிவா கராஜுக்குள் போய் ரென்னின் காருக்கு அடியில் கைவிட்டுத் தடவினார். "அன்னிக்கு விடியக்காலைல நைட் ஷிப்ட் முடிஞ்சு இதுலதான் வந்தீங்களா, ஹதானோ-சான்?"

"ஆமா. அதுக்கப்புறம் எடுக்கல. ஹைட்ரஜன் வண்டி. புகை வராது, தண்ணி மட்டும்தான்..."

அவன் பார்வை வாசல் ஐஸுக்குப் போனது.

"தெரிஞ்சே ஆகணுமா?" என்றார் குரோயிவா.

"சொல்லுங்க."

"நிறுத்தின வண்டி சொட்டியிருக்கணும். இந்தக் குளிர்ல அது உறைஞ்சு கிடக்கணும். ஆனா தரை காய்ஞ்சிருக்கு. அப்போ, உள்ள வர்றதுக்கு முன்னாடியே யாரோ வண்டியில தண்ணி வடிக்கிற பொத்தானை அழுத்தி மொத்தத் தண்ணியையும் கொட்டியிருக்காங்க."

ரென் காரின் பொத்தானைப் பார்த்தான். "நான்தான். எப்பவும் உள்ளேயே சொட்ட விடுவேன்."

"அன்னிக்கு மட்டும் ஏன்?" என்றாள் மொரியா, மெதுவாக.

"வழியில இருக்கும்போது ஷியோரி போன் பண்ணினா. நான் வந்தப்ப குளிச்சிட்டிருந்தா. நான் போய்ப் படுத்துட்டேன்."

"போன்ல என்ன சொன்னாங்க?"

அவன் சொன்னான்.

"'கராஜ்ல இருந்த ஐஸை இப்பதான் சுரண்டிப் போட்டேன். எனக்கு வழுக்குது, ரென். இன்னிக்குத் தண்ணியை வாசல்லயே விட்டுட்டு வா.'"