லெராய் காட்டுக்கு முதல் வண்டி

ஃபில்பர்ட் வந்து சேர்ந்தபோது எந்த வண்டிச் சத்தமும் கேட்கவில்லை. வெரோனிகாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் அந்த முகாமில், பொழுது சாய்ந்து மூடுபனி ஏறும் வேளையில், யாராவது ஒரு தட்டைக் கீழே போட்டால்கூட மறுகோடிக் கூடாரம்வரை கேட்கும். ஒரு ஜீப் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வருவது கேட்காமல் போகாது. அவளோ கரி அடுப்பில் இஞ்சி டீ கொதிக்க வைத்துக்கொண்டு, அவனுடைய சேதிக்காகவே காதைத் தீட்டி வைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் அடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறான்.

ஃபில்பர்ட் அவள் கணவனின் தம்பி. அவளும் அவனும் ஒரே கம்பெனிக்கு சஃபாரி வண்டி ஓட்டுகிறவர்கள். அன்று மதியம் பள்ளத்தின் அடியில், லெராய் காட்டுக்குள், அவன் ஜீப் நின்றுபோனது. அவன் கூட்டிப்போன சுற்றுலா விருந்தாளிகளை வேறொரு டிரைவர் மேலே கொண்டுவந்து விட்டான். வண்டியைத் தனியே விட மனமில்லாமல் ஃபில்பர்ட் அங்கேயே தங்கிவிட்டதாக அந்த டிரைவர்தான் சொல்லிவிட்டுப் போனான்.

"எப்படிடா வந்த?"

"ரேஞ்சர் வண்டியில ஏறிக்கிட்டேன். ரோட்டுல இறக்கி விட்டாங்க, வெரோனிகா."

வெரோனிகாவா? கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனுக்கு அண்ணி. வம்பு இழுக்கும்போது 'பெரிய டிரைவரம்மா'. பெயர் சொல்லி அவன் கூப்பிட்டதே இல்லை. களைப்பில் வாய் குழறியிருக்கும் என்று நினைத்து டீயை நீட்டினாள். கோப்பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். குடிக்கவில்லை. அவனிடமிருந்து ஏரிக்கரை உவர்மண்ணின் நெடி வந்தது, அதோடு நனைந்த விலங்கு மயிரின் நாற்றமும்.

ம்பேயா நகரத்திலிருந்து வந்திருந்த அவளுடைய விருந்தாளிகள் இருவரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு அடுப்பருகே வந்து உட்கார்ந்தார்கள். கணவர் ம்வைபோபோ, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி துமாயினிக்கு வாய் ஓயாது.

"நாளைக்கு எனக்கு சிங்கத்தைக் காட்டிரும்மா. இவரு குறட்டையைத்தான் இத்தனை வருஷமாக் கேட்டுட்டேன், நிஜத்தையும் ஒரு தடவை கேக்கணும்."

"நீ பேசினா சிங்கம் ஓடிரும்," என்றார் அவர்.

வெரோனிகா சிரித்துக்கொண்டே ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாள். விடிந்ததும் கேட் திறப்பார்கள். மேற்குப் பாதையில் இறக்கம். முதலில் ஏரிக்கரையில் பூநாரைகள், அப்புறம் புல்வெளியில் சிங்கம், நீர்யானைக் குட்டைப் பக்கம் காலைச் சாப்பாடு. கடைசியாக லெராய் காட்டில் ஃபில்பர்ட்டின் ஜீப்பைச் சரிபார்த்துவிட்டு அந்தப் பக்கமாகவே மேலே ஏறிவிடலாம்.

"முதல்ல காட்டுக்குப் போகணும்," என்றான் ஃபில்பர்ட்.

"பனி விலகாம அங்க என்னத்தப் பாக்குறது?"

"பனி இருக்கும்போதே போகணும். மத்த வண்டிங்க வர்றதுக்கு முன்னாடி."

"ஏன்டா?"

 அவள் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், மனப்பாடம் செய்கிறவனைப் போல.

 போன மாதம் பக்கத்து ஊரான கராட்டுவின் சந்தையில் எவனோ ஒருத்தன், விடியற்காலையில் காண்டாமிருகம் எங்கே படுத்திருக்கும் என்று டிரைவர்களைத் துருவித் துருவிக் கேட்டானாம். அதை அவளிடம் சொல்லிச் சிரித்தவனே ஃபில்பர்ட்தான். ஜீப் உண்மையிலேயே பழுதாகித்தான் நின்றதா? கொம்பு வெட்டுகிறவர்கள் யாராவது காட்டுக்குள் காத்திருக்கிறார்களா? இந்த வயசானவர்களையும் தன்னையும் மறைப்பாக வைத்து வண்டியை உள்ளே கொண்டுபோகப் பார்க்கிறானா?

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகிற சாக்கில் காவல்காரன் சிரோன்காவைத் தேடினாள். சிவப்புப் போர்வைக்குள் முடங்கி, ஈட்டியை மடியில் போட்டுக்கொண்டு பாதையோரம் உட்கார்ந்திருந்தான். வழக்கமாக அந்நேரத்துக்குத் தொட்டியில் தண்ணீர் குடிக்க வரும் கிழட்டு யானை, அன்று வேலிக்கு வெளியிலேயே நின்று தும்பிக்கையை மேலே தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வரவில்லை.

"என் கொழுந்தன எந்த வண்டி இறக்கி விட்டுச்சு?"

"வண்டியா? ரோட்ல நான்தானே உக்காந்திருக்கேன் அக்கா. அவரு இந்தப் பக்கம் வரவே இல்ல. பள்ளத்துப் பக்கமா ஏறி வந்தாரு."

"அங்க செங்குத்துச் சுவர்தானே இருக்கு? வழி ஏது?"

"அதத்தான் நானும் யோசிச்சிட்டு இருக்கேன்," என்றான் சிரோன்கா. யானையைப் பார்த்தான். பிறகு ஈட்டியை மடியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. கேட்டில் ரேஞ்சரிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தாள். ஆனால் விடியற்காலையில் தடுப்புக் கம்பத்தின் முன் முதல் வண்டியாகப் போய் நின்றபோது, ஃபில்பர்ட் பக்கத்து சீட்டில் இருந்தான், கையெட்டும் தூரத்தில். சொந்தக் கொழுந்தன். தப்பாகச் சொல்லிவிட்டால் அவன் பிழைப்பே போய்விடும்.

"நேத்து சாயங்காலம் லெராய்லேர்ந்து யாரையாச்சும் ஏத்திட்டு வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் இப்பத்தாம்மா டியூட்டிக்கே வந்தேன்," என்று கொட்டாவி விட்டபடி ரேஞ்சர் கம்பத்தைத் தூக்கினார். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. சரி, கீழே இன்னொரு ரேஞ்சர் சாவடி இருக்கிறது. காட்டுக்குப் போகாமல் நேராக அங்கே போய் நிறுத்திவிடலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

ஒருவழிப் பாதை. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் வெறும் வெண்மை. பனி அப்படியே கண்ணாடியில் வந்து அப்பியது. வைப்பரின் கீச்சொலியும், டயருக்கடியில் கற்கள் நெரியும் ஓசையும், பின்சீட்டில் துமாயினி சப்பாத்தி பிரிக்கும் காகிதச் சரசரப்பும் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை. முன்கண்ணாடியின் உட்புறம் மூச்சுப் பட்டு மங்கிக்கொண்டே வந்தது. துணியால் துடைத்தாள். மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். அவள் பக்கம் மட்டுமே மங்கியிருந்தது. ஃபில்பர்ட்டின் எதிரே கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

அவள் மூச்சு வெண்புகையாக வந்தது. பின்னால் பெரியவர் இருமினார். பின்பார்வைக் கண்ணாடியில் அவர் வாயிலிருந்தும் புகை. அவன் வாயிலிருந்து எதுவும் இல்லை.

"தம்பி, இந்தா சப்பாத்தி," என்று துமாயினி கையை நீட்டினாள். "என்னப்பா, உன் கை இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு!"

அவன் சப்பாத்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

வண்டியின் வயர்லெஸ் ரேடியோ கரகரத்தது.

"...அண்ணி. அண்ணி, கேக்குதா? யாராச்சும் கேக்குறீங்களா?"

ஃபில்பர்ட்டின் குரல்.

வெரோனிகா பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தாள். வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்னால் வந்த வண்டியின் வெளிச்சத்தையும் காணோம்.

"ராத்திரி பூரா கூப்புட்டுட்டே இருக்கேன் அண்ணி. ஜீப்புக்குள்ளதான் இருக்கேன். பேட்டரி போகப்போவுது. வெளிய என்னமோ நடமாடுது. ஆள் மாதிரி. கண்ணாடியில முகத்த வச்சுப் பேசுது. நம்ம வீட்டாளுங்க பேரெல்லாம் கேக்குது... பயத்துல நான் சொல்லிட்டேன் அண்ணி... சொல்லிட்டேன்..."

அழுதான். சின்னப்பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். அந்த அழுகை அவளுக்குத் தெரியும். மாமனார் செத்த அன்று அவன் அப்படித்தான் அழுதான்.

"யாரும்மா அது? இந்தத் தம்பி குரலாட்டமே இருக்கே?" பின்சீட்டில் துமாயினி.

வெரோனிகா மெல்லத் தலையைத் திருப்பினாள்.

அவன் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லாமல். ஒவ்வொரு சொல்லாக. ரேடியோ சொல்லச் சொல்ல.

பிறகு சத்தமாகச் சொன்னான்.

"அண்ணி."

அதே குரல். அதே குழைவு.

"அண்ணி. அது நான் இல்ல அண்ணி. நேராப் போ."

பாதை சமவெளியில் இறங்கியது. ரேஞ்சர் சாவடி இடது பக்கம். அவள் இடது பக்கம்தான் ஒடித்தாள். சத்தியமாக இடது பக்கம். ஆனால் பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தவை மஞ்சள் பட்டை மரங்கள். லெராய் காடு. பறவை ஒன்றுகூடக் கத்தவில்லை.

மரங்களுக்கு நடுவே ஜீப். கண்ணாடிகள் முழுக்க மங்கல். உள்ளேயிருந்து ஒரு கை துடைத்தது. ஃபில்பர்ட்டின் முகம். கண் வீங்கிய, உயிருள்ள முகம். இரண்டு கைகளாலும் கண்ணாடியை அறைந்தான். போ, போ என்று தலையை ஆட்டினான்.

ரிவர்ஸ் போட்டாள். எஞ்சின் அணைந்தது. சாவியைத் திருகினாள். எதுவும் இல்லை.

"யாரோ லிஃப்ட் கேட்டு நிக்கிறாங்க பாரு," என்றார் ம்வைபோபோ. அடுத்த கணம் மனைவியின் தோளைப் பிடித்தார். "துமாயினி... அங்க பாரு... அது நீதானே?"

வெள்ளைப் பனியில் மூன்று பேர். போர்வை போர்த்திய கிழவர். பக்கத்தில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு பெண்மணி. இருவருக்கும் முன்னால், தலையில் துண்டும் உடம்பில் நீலக் கம்பெனி ஜாக்கெட்டுமாக, வெரோனிகா.

அவள் நடந்து வந்தாள். அவசரமில்லாமல். டிரைவர் கதவின் அருகே நின்றாள். குனிந்தாள். கண்ணாடிக்கு வெளியே வெரோனிகாவின் முகம், வெரோனிகாவின் முகத்தையே உற்றுப் பார்த்தது. புருவத்தை. மூக்குத் தழும்பை. நடுங்கும் உதட்டை. தன் உதட்டையும் அப்படியே நடுங்க வைத்துப் பார்த்தது.

"அண்ணி," என்று பக்கத்து சீட்டிலிருந்தவன் அன்பாகச் சொன்னான். அவளைத் தாண்டிக் கையை நீட்டினான்.

கதவின் பூட்டை விடுவித்தான்.