மூன்றாவது பெட்டி

ஜெனரேட்டர் அறையில் மல்லாந்து கிடந்த மனிதருக்கு ஐம்பது வயது இருக்கும்.

ஐம்பத்தொன்று இனி வராது.

பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் கழற்றிய ரப்பர் கையுறைகள். தலைக்கு மேலே, ஜெனரேட்டர்களை ஒன்றாகச் சேர்க்கும் சின்க் பேனலின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. சுற்றிலும் மூன்று பெரிய இரும்புப் பெட்டிகள் தடதடவென்று உறுமிக்கொண்டிருந்தன. காலை பத்து மணிக்குப் போன கரண்ட் பதினொன்றாகியும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டடி தள்ளியே நின்றார்.

கத்திக்கும் கம்புக்கும் அஞ்சாத மனிதர். வீட்டில் பல்பு மாற்ற மட்டும் மனைவியைக் கூப்பிடுவார்.

"எங்க எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் சார். தங்கமான மனுஷன்..." என்று மருத்துவமனையின் நிர்வாகி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். கைக்குட்டை நனையவில்லை.

நடந்ததையும் அவரே சொன்னார். கரண்ட் போனதும் மூன்று ஜெனரேட்டர்களும் தானாக ஓடி, தானாக ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளுமாம். இன்று மூன்றாவது மட்டும் சேராமல் அடம்பிடித்ததாம். சூப்பர்வைசர் பதறிப்போய், அதைச் சேர்க்கும் பிரேக்கர் ஸ்விட்சைக் கையாலேயே தட்டினாராம். ஷாக் தூக்கி எறிந்ததாம். மண்டை தரையில் மோதியதாம்.

"உசிரைக் குடுத்து மூணாவதைச் சேர்த்துட்டுப் போயிருக்கார் சார்."

தழுதழுக்க வேண்டிய இடத்தில் குரல் சரியாகத் தழுதழுத்தது.

அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியூரில் ஒரு கருத்தரங்கு, தலைமையே இவர்தான், சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றார். தலைப்பு, 'நோயாளியின் பாதுகாப்பு'.

அவர் ஆறாவது மாடிக்குப் போனதும், இன்ஸ்பெக்டர் செல்போனை எடுத்தார்.

ஊரில் ஜெனரேட்டர் பழுது பார்ப்பவர்களில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஆள்தான். உடன்பிறந்த அக்கா.

கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் டூல்ஸ் பை. பிணத்தைப் பார்த்து ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றாள். பிறகு தம்பியின் வாயால் நிர்வாகியின் கதையைக் கேட்டாள்.

"இதை நீ நம்பிட்டியா?"

"அக்கா, எனக்கு..."

"ரெண்டு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிட்டு நடக்கறாங்கன்னு வெச்சுக்கோ. மூணாவது ஆள் வந்து தோள் குடுக்கணும்னா, நடையைப் பார்த்து, காலை ஒண்ணா வெச்சுத்தான் குடுக்கணும். குறுக்கால பாஞ்சா என்ன ஆகும்?"

"கட்டில் விழும்."

"மூணு பேர் இடுப்பும் ஒடியும். இந்த மிஷினும் அப்படித்தான். நடை ஒத்து வராம பிரேக்கரைத் தட்டியிருந்தா, கட்டடமே குலுங்கி, மொத்தமா கரண்ட் போயிருக்கும். போச்சான்னு கேளு."

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற நர்ஸைக் கேட்டார். பத்து மணிக்குப் பத்து விநாடி இருட்டு, அதற்குப் பிறகு விளக்கு கண் சிமிட்டக்கூட இல்லை என்றாள் அவள். கேட்காததையும் சொன்னாள். மூன்று ஜெனரேட்டரையும் சேர்த்து ஓட்டிச் சோதித்ததாக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி, நேற்று நிர்வாகி சூப்பர்வைசரை வறுத்து எடுத்தாராம். அந்த மனிதர் கடைசி வரை பேனாவைத் தொடவில்லையாம்.

அக்கா மூன்றாவது பெட்டியிடம் போனாள். கதவில் பெரிய பூட்டு.

"தம்பி, மூணுமேலயும் வரிசையா கையை வை."

"ஷாக் அடிக்குமாக்கா?"

"இன்ஸ்பெக்டர்னு வெளியில சொல்லிடாதே. வைடா."

வைத்தார். முதல் பெட்டி சுட்டது. இரண்டாவது இன்னும் சுட்டது.

மூன்றாவது... மண்பானை மாதிரி சில்லென்று இருந்தது.

ஒரு மணி நேரமாக உறுமும் இயந்திரம்!

கான்ஸ்டபிள் பூட்டை உடைத்தார். உள்ளே என்ஜின் இல்லை. எதுவுமே இல்லை. இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டும் உட்கார்ந்து, தொண்டை கிழிய உறுமிக்கொண்டிருந்தன. சோதிக்க வந்த அதிகாரிகள் எல்லோரும் இந்தக் கச்சேரியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒலிபெருக்கிகளுக்கு நடுவே ஒரு ஸ்பானர் கிடந்தது. அதன் முனையில் ரத்தம் இன்னும் முழுதாகக் காயவில்லை.

இன்ஸ்பெக்டர் படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தார். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கொலைகாரன் அப்புறம். முதல்ல இதைப் பாரு!"

இரண்டாவது ஜெனரேட்டரின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மூணு தூக்க வேண்டியதை ரெண்டு தூக்குது. இது நின்னா மொத்த பாரமும் முதல் மிஷின்மேல விழும். அடுத்த நிமிஷமே அதுவும் நின்னுடும்."

நர்ஸின் முகம் வெளுத்தது. "மேல ஆபரேஷன் நடக்குது மேடம். சின்னக் குழந்தை... நெஞ்சைத் திறந்து வெச்சிருக்காங்க. கரண்ட் போனதும் டாக்டருக்கு ஏதோ சொல்லணும்னு சூப்பர்வைசர் சார் கீழ இருந்து போன் பண்ணினார். பேச ஆரம்பிக்கும்போதே லைன் கட்டாயிடுச்சு."

இன்ஸ்பெக்டர் தரையில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தார். இரண்டுதான் ஓடுகிறது, ஆபரேஷனைத் தொடங்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்த மனிதர். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்த ஸ்பானர்.

"இங்க எது இல்லாட்டி யாரும் சாக மாட்டாங்க?" என்று அக்கா கேட்டாள்.

நர்ஸ் யோசிக்கவே இல்லை. "ஆறாவது மாடி. அங்க முழுக்க நிர்வாகம்தான். பன்னெண்டு ஏசி, மீன் தொட்டிக்கு ஹீட்டர், தனி லிஃப்ட், காபி மிஷின்..."

அக்கா இரண்டாவது ஜெனரேட்டரின் பக்கக் கதவுகளைத் திறந்துவிட ஓடினாள். "தம்பி! சுவத்துல 'ஆறு'ன்னு போட்டிருக்கற ஸ்விட்சைக் கீழ இழு!"

"நானா?"

"இல்ல, செத்தவர் எழுந்து வருவார்!"

இன்ஸ்பெக்டர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். குலதெய்வத்தை நினைத்தார். இழுத்தார்.

டொக்.

முள் நடுங்கியது. நின்றது. மெல்ல மெல்லச் சிவப்பை விட்டு இறங்கியது.

அவர் மூச்சு விட்டுவிட்டு, நான்கு நான்கு படியாகத் தாவி ஆறாவது மாடிக்கு ஓடினார். நிர்வாகியின் அறை இருட்டாக, காலியாக இருந்தது. ஐயா அப்போதே பெட்டியோடு கிளம்பிவிட்டார் என்றார் பியூன். கார் நிறுத்துமிடத்தில் கார் இருந்தது, ஆள் இல்லை. வாசலில் நின்ற கான்ஸ்டபிள், யாரும் வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தார்.

பறவை பறந்துவிட்டது. எப்படி என்றுதான் புரியவில்லை.

தோற்ற முகத்தோடு கீழே வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குழந்தைக்குத் தையல் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள்.

அப்போது சுவரிலிருந்த இன்டர்காம் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"யார்யா டூட்டியில?" நிர்வாகியின் குரல். "லிஃப்ட் நடுவுல நின்னு அரை மணி நேரமாகுது! உள்ள வேகுது! மூணு ஜெனரேட்டரை வெச்சுக்கிட்டு ஒரு லிஃப்ட்டை ஓட்ட முடியலையா? மூணாவது என்னய்யா பண்ணுது?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லாத்தான் பாடிட்டிருக்கு சார்... சவுண்டைக் கொஞ்சம் கூட்டவா?"